இழப்பீடு கோருவதா, கைக்காசைப் போடுவதா?

வாகனக் காப்புறுதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 7 ஆண்டுப் பழமையான எங்கள் மைவி காரைக் கல்லூரியில் படிக்கும் என் மகன் பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில் பின்னால் எடுத்தபோது தூணில் இடித்துவிட்டான். அவனுக்கு 20 வயது. புதிய ஓட்டுநர்களுக்கான ‘பி’ உரிமம் வைத்திருக்கிறான். பாலிசியில் அவன் பெயர் இல்லை. பின்பக்க பம்பர், விளக்கு, பூட் கதவு எல்லாம் சேர்த்து 1,900 ரிங்கிட் ஆகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அதில் உதிரிப் பாகங்கள் மட்டும் 1,200 ரிங்கிட். பல ஆண்டுகளாக நான் ஒருமுறைகூட இழப்பீடு கோரியதில்லை. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் கழிவான என்சிடி 55 விழுக்காட்டில் இருக்கிறது. கழிவுக்கு முந்தைய பிரீமியம் 1,200 ரிங்கிட். இத்தனை வருடம் கட்டிய பணத்துக்கு ஒருமுறையாவது பயன் வேண்டாமா என்று என் மனைவி கேட்கிறார். கோரலாமா?
— ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு

பதில்: உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குக் கட்டிய பணத்தை வைத்து விடை காண முடியாது. இனிக் கட்டப்போகும் பணத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நீங்கள் எல்லா எண்களையும் எழுதி அனுப்பியிருப்பதால் அந்தக் கணக்கை இங்கேயே போட்டுவிடலாம்.

தனியார் கார்களுக்கான என்சிடி, கோரிக்கை ஏதுமில்லாத முதல் ஆண்டின் முடிவில் 25 விழுக்காடாகத் தொடங்கி, 30, 38.33, 45 என்று உயர்ந்து, ஐந்தாம் ஆண்டின் முடிவில் 55 விழுக்காட்டை அடைகிறது. ஏறுவதற்கு ஐந்து படிகள் இருந்தாலும் இறங்குவதற்குப் படியே கிடையாது. தவறு நம் பக்கம் இருக்கும்போது வைக்கும் ஒரே ஒரு கோரிக்கை, பரமபதப் பாம்பைப் போல அடுத்த புதுப்பிப்பில் நம்மைச் சுழியத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். கோரிய தொகை 900 ரிங்கிட்டா 9,000 ரிங்கிட்டா என்பதைப் பார்த்து இந்த இறக்கம் கூடுவதோ குறைவதோ இல்லை. சிறிய சேதங்களுக்குக் கோருவதில் உள்ள நட்டம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இப்போது 55 விழுக்காடு கழிவு போக நீங்கள் ஆண்டுக்கு 540 ரிங்கிட் கட்டுகிறீர்கள். கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டு 1,200, அதற்கடுத்த ஆண்டுகளில் 900, 840, 740, 660 என்று கட்டி, ஆறாம் ஆண்டில்தான் பழைய 540-க்குத் திரும்புவீர்கள். ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகக் கட்டுவதை மட்டும் கூட்டினால் 660, 360, 300, 200, 120 என்று மொத்தம் 1,640 ரிங்கிட் வருகிறது. அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரியையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,770 ரிங்கிட். காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் இந்தத் தொகை சற்று இறங்கலாம். 2017 ஜூலைக்குப் பிறகு பிரீமியத்தை நிறுவனங்களே இடர்பாட்டைப் பார்த்துக் கணிப்பதால், கோரிக்கை வைத்தவருக்குச் சற்று ஏறவும் செய்யலாம். முடிவெடுக்க இந்தத் துல்லியம் போதும்.

இனி, கைக்கு வருவது எவ்வளவு என்று பார்ப்போம். பழைய காரில் புதிய அசல் பாகத்தைப் பொருத்தும்போது கார் முன்பைவிட மேம்படுகிறது என்ற கணக்கில், பாகங்களின் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டியிருக்கும். வழக்கமான அளவுகோல்படி இது 5 ஆண்டான காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, 7 ஆண்டான உங்கள் காருக்கு 25 விழுக்காடாகி, 10 ஆண்டைத் தொட்டதும் 40 விழுக்காட்டில் நிற்கிறது. ஆக 1,200 ரிங்கிட் பாகங்களில் 300 உங்களுடையது. அடுத்து, பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டியதால் கட்டாயக் கழிப்புத் தொகையாக, அதாவது இழப்பீட்டில் நீங்களே ஏற்க வேண்டிய பங்காக, 400 ரிங்கிட் போகும். மகனின் பெயரை முன்பே சேர்த்திருக்கலாமே என்று வருந்த வேண்டாம். பெயர் இருந்தாலும் 21 வயதுக்குக் குறைந்தவர் என்பதாலும் ‘பி’ உரிமத்தாலும் அந்த 400 பிடிக்கப்பட்டிருக்கும். 1,900-இல் இவ்விரண்டும் போக மிஞ்சுவது 1,200 ரிங்கிட்.

1,200 ரிங்கிட்டைப் பெறுவதற்காக 1,770 ரிங்கிட்டை விடுவதில் பொருளில்லை. கைக்காசில் முடித்துக்கொள்ளுங்கள். சொந்தச் செலவு என்று பட்டறையில் சொன்னால் அசல் பாகத்துக்குப் பதிலாக மாற்றுப் பாகத்தையோ, பம்பரை மாற்றாமல் ஒட்டிச் சாயம் பூசுவதையோ கேட்டுப் பார்க்கலாம். செலவு இன்னும் இறங்கும். இதே கார் 6,000 ரிங்கிட்டுக்குச் சேதமாகியிருந்தால் இத்தனை பேச்சே தேவைப்பட்டிருக்காது, கோரச் சொல்லியிருப்பேன்.

மற்ற வாசகர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. 55 விழுக்காட்டில் இருப்பவர் கழிவுக்கு முந்தைய பிரீமியத்தை 1.37 ஆல் பெருக்க வேண்டும். இப்போது 25 விழுக்காட்டில் இருப்பவருக்கு 0.85, கழிவே இல்லாதவருக்கு 0.55. வருவது, கோரிக்கையால் அடுத்த ஐந்தாண்டுகளில் போகக்கூடிய தொகை. சேவை வரி தனி. கையில் கிடைக்கப்போவது இதைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தால் மட்டும் கோருங்கள். கழிவு ஏதும் சேராதவர்கள் சின்னச் சேதத்துக்குத் தயங்குவதும், 55-இல் இருப்பவர்கள் உரிமையோடு கோருவதும் நம்மிடையே சகஜம். இந்தக் கணக்கு அதை அப்படியே தலைகீழாகச் சொல்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விபத்தைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் புகார் செய்யச் சொல்கிறது. நிறுவனத்துக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, இது அறிவிப்பு மட்டுமே, கோரிக்கை அல்ல என்று குறிப்பிட்டுவிடுங்கள். தூணுக்கும் சேதம் என்று பேரங்காடி நிர்வாகம் பின்னாளில் பணம் கேட்டால் அந்தக் கடிதம் உதவும்.

கேள்வி: வேலை முடிந்து திரும்பும்போது ஜாலான் கூச்சிங் நெரிசலில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னால் வந்த கார் மோதிவிட்டது. அந்த ஓட்டுநர் தவறை ஒப்புக்கொண்டார். ஆனால், கூப்பிடாமலே வந்து நின்ற இழுவை லாரிக்காரர், உங்கள் பாலிசியில் கோரினால் என்சிடி போய்விடும், என்னிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அவர்கள் பாலிசியில் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா? என்னுடையது முழுமையான பாதுகாப்புள்ள பாலிசி.
— செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. கூப்பிடாமல் வருபவரின் அக்கறை பெரும்பாலும் காரை எந்தப் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் இருக்கும். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் அவசர உதவி எண்ணை அழைத்து, அவர்கள் அனுப்பும் இழுவை வண்டியில், அவர்களின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குக் காரை அனுப்புங்கள்.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. தவறு நம்முடையது என்றால் சொந்தப் பாலிசியில் கோரும்போது என்சிடி போகும். தவறு எதிர்த்தரப்பினுடையது என்றால், முழுமையான பாலிசி உள்ளவர்கள் தங்கள் சொந்த நிறுவனத்திடமே கோரி, என்சிடியையும் இழக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. ‘நாக் ஃபார் நாக்’ என்று முகவர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் நிறுவனம் உங்கள் காரைச் சீர்செய்து தரும். மற்றவரின் நிறுவனத்தோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இதற்கு இரண்டு தேவைகள்: மோதிய வாகனம் இன்னது என்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்; யார் தவறு என்ற காவல்துறை விசாரணையின் முடிவு உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டும். சாலையோரத்தில் அந்த ஓட்டுநர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டது போதாது. அவர் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வேறு மாதிரி புகார் எழுதிய கதைகள் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் உண்டு. எண் பலகை தெரியும்படி இரு வாகனங்களையும் எடுத்த படங்கள், டாஷ்கேம் பதிவு இருந்தால் அதன் நகல், அவருடைய அடையாள அட்டை விவரம், இவற்றை இன்றே பத்திரப்படுத்துங்கள்.

எதிர்த்தரப்பின் நிறுவனத்திடம் நேரடியாகக் கோருவதும் சட்டப்படி சரியே. அடுத்தவருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புப் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு அது ஒன்றே வழி. ஆனால் சேதத்தை மதிப்பிடுபவரை நீங்களே அமர்த்தி, கட்டணத்தையும் முதலில் நீங்களே கொடுத்து, பணம் வரும்வரை காத்திருக்க வேண்டும். உங்களைப் போன்றவருக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. கார் பட்டறையில் நின்ற நாள்களுக்கான ஈட்டை மட்டும் எதிர்த்தரப்பு நிறுவனத்திடம் தனியாகக் கேட்கலாம். அதைப் பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

புதுப்பிக்கும்போது என்சிடி குறைந்திருப்பதாகத் தெரிந்தால் உடனே நிறுவனத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் நிறைவாக இல்லையென்றால் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையிடம் முறையிடலாம். நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர் அலுவலகமாக இருந்ததே 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது.

கேள்வி: பட்டர்வொர்த்தில் என் காரை மோட்டார் சைக்கிள் உரசிவிட்டது. ஓட்டி வந்த பையன் 300 ரிங்கிட் தருகிறேன், போலீசுக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சுகிறான். விட்டுவிடலாமா?

பதில்: பணத்தை வாங்குவதும் விடுவதும் உங்கள் மனம். புகாரை மட்டும் விடாதீர்கள். அந்தப் பையன் கீழே விழுந்திருந்தால் இன்று தெரியாத காயம் நாளை தெரியலாம்; அப்போது அவன் வீட்டார் உங்கள்மீது வழக்குப் போட்டால், தகவலே தராத விபத்துக்கு உங்கள் காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்கத் தயங்கும். பணம் வாங்கினால் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முன் கண்ணாடியில் கல் பட்டு விரிசல். கோரினால் என்சிடி போகுமா? வெள்ளத்துக்கும் இதே விதியா?

பதில்: கண்ணாடிக்கென்று தனிப் பாதுகாப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கியிருந்தால் தயங்காமல் கோருங்கள், என்சிடிக்குப் பாதிப்பு இல்லை. அதை வாங்காமல் பொதுப் பாலிசியில் கோரினால் போய்விடும்; பெரும்பாலான கண்ணாடிகளுக்கு அந்த விலை கட்டுபடியாகாது. வெள்ளத்தின் கதை வேறு. சாதாரண முழுமையான பாலிசியில் வெள்ளமும் நிலச்சரிவும் அடங்காது. அவற்றைச் சிறப்பு இடர்ப் பாதுகாப்பாகத் தனியே சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குவாசிகளில்கூட இன்னும் அதைச் சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். புதுப்பிப்பு அறிவிப்பு வந்ததும் அந்த வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.