அழுத பெண்ணிடம் யார் போய்ப் பேசினார்கள்?

கேள்வி: கருவில் இருக்கும் பிள்ளைகளின் உயிருக்காகப் பேச, எங்கள் சபையில் ஆறு கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதப் பயிற்சி கொடுக்கிறேன். வசனம், வாதம் எல்லாம் மணிமணியாகச் சொல்கிறார்கள். ஆனால் போன வாரம் ஒரு மகளிர் கல்லூரியில் பேசும்போது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒரு பெண் அழுதுவிட்டாள். எங்கே தவறுகிறோம்?
- வாலிபர் ஊழியர் ஒருவர், நாசரேத்

பதில்: தம்பி, எழுந்து போனவர்களை விடுங்கள். அழுத பெண்ணிடம் உங்கள் ஆறு பேரில் யாராவது போய்ப் பேசினார்களா? கடிதத்தில் அது இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கேட்க உட்கார்ந்திருப்பவர்களில் கருவைக் கலைத்தவள் ஒருத்தியாவது இருப்பாள், இல்லையென்றால் அக்காளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனவள் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். முதல் நிமிடமே ‘கொலை’ என்றால் அவளுக்குக் காது அடைத்துவிடும். ரத்தப் படங்கள் ஏதாவது காட்டினால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஆதியாகமம் 16ஐ அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். வயிற்றில் பிள்ளையோடு ஓடிவந்த ஆகாரை வனாந்தரத்து நீரூற்றுப் பக்கம் தூதன் பார்க்கிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறான். மற்றதெல்லாம் அவள் பதில் சொன்ன பிறகுதான். (நம் பிரசங்கிகள் தாயின் வயிற்றில் உருவானதைப் பாடும் 139ஆம் சங்கீதத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதே இல்லை.) இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லட்டும், மற்றவர் பத்து நிமிடம் கேள்வி மட்டும் கேட்கட்டும். வசனம் சொல்லக் கூடாது. முதல் நாள் ஒருவராலும் முடியாது, பாருங்கள்.

அப்புறம் சட்டம். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் தெரியாமல் மேடை ஏற்றாதீர்கள். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். அதற்கு மேல் 24 வரை, சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள். ‘கருக்கலைப்பே நம் நாட்டில் குற்றம்’ என்று உங்கள் பையன் உளறினால் முன்வரிசை நர்ஸிங் மாணவி சிரிப்பாள். அதோடு சரி.

தேடி வருகிற பெண்ணுக்கு 18 வயது நிறையவில்லையா? ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியாக வேண்டும், மறைத்தால் தண்டனை. அதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 18 நிறைந்தவள் என்றால் அவள் கதை ஜெபக் குறிப்பில்கூட வரக் கூடாது. ‘ஒரு சகோதரிக்காக’ என்று பேர் சொல்லாமல் ஜெபித்தாலும் நம் ஊரில் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்துக்கடை மாத்திரை தின்று ரத்தம் போகிறது என்று வந்தால் முதலில் 108, பேச்செல்லாம் பிறகு.

பெற்றுக்கொள் என்று சொன்னால், எங்கே தங்குவேன், யார் செலவு என்பாள். பதில் கையில் இருக்கிறதா? வளர்க்க முடியாதவள் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மறுபடி யோசிக்க அவளுக்கு 2 மாத அவகாசம் உண்டு. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமாவது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? ஆறு பேரையும் ஒருநாள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள்.

பயிற்சி 2 மாதம், கர்ப்பம் 9 மாதம். இவர்கள் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு அந்தப் பெண்ணை யார் கையில் விட்டுவிட்டுப் போவார்கள்? தனியாகப் பிள்ளை வளர்த்த அக்காமார் உங்கள் சபையில் நிச்சயம் இருப்பார்கள். உங்கள் ஆறு பேரில் ஒவ்வொருவரோடும் அப்படி ஒருவரை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அந்தக் கல்லூரிக்கு மறுபடி போக அனுமதி கிடைத்தால், மைக் வேண்டாம். இரண்டு அக்காமாரைக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்காரவையுங்கள்.