அப்பா அம்மாவோட ஒரு நாள் கில்கென்னி: 300 யூரோவுக்குள்ள முடியுமா?

கேள்வி: வணக்கம் அக்கா. டப்ளின்ல டாலா பக்கம் இருக்கோம், நான் நர்ஸ், வீட்டுக்காரர் ஐடி, பொண்ணுக்கு 7 வயசு. வீடு வாங்க டெபாசிட் சேர்த்துட்டு இருக்கோம். இப்ப திருநெல்வேலில இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. அப்பாவுக்கு 68, முட்டி வலி இருக்கு, ஆனா பழைய கோட்டை கோயில்னா எங்க வேணா வருவார். ஒரு நாள் பழைய கோட்டை இருக்குற கில்கென்னி ஊருக்கு கூட்டிட்டு போக ஆசை. டூர் பஸ்ல விக்லோ, கிளென்டலாக், கில்கென்னி மூணும் சேர்த்து அஞ்சு பேருக்கு 220 யூரோ சொல்றாங்க. இவர் கார் வாடகைக்கு எடுக்கலாம்ங்கிறார். அம்மா எதுக்கு வீண் செலவுங்கிறாங்க. அப்பா ஊர் கிரெடிட் கார்டுல நானே கட்டுறேன்னு நிக்கிறார். 300 தாண்டக்கூடாது, எது சரி?

பதில்: தங்கச்சி, முதல்ல அம்மாவுக்கு பதில் சொல்லிடுறேன். அயர்லாந்துல முதல் வீடு வாங்குறவங்க குறைஞ்சது 10% கைல வெச்சிருக்கணும், 3,50,000 யூரோ வீடுன்னா 35,000. அதுல 300ங்கிறது ஒரு சதவீதம்கூட வராது. ஒருநாள் போய்ட்டு வந்ததால டெபாசிட் தள்ளிப்போன யாரையும் என் அனுபவத்துல பாத்ததில்ல, மாசாமாசம் போற ஆப் சந்தா, தினம் வெளிய சாப்பாடு, கட்டாம விட்ட கார்டு பாக்கி, இதுலதான் தள்ளிப்போகும். அதனால அம்மாகிட்ட, இது தனியா எடுத்து வெச்ச பணம், டெபாசிட்ல கை வைக்கலன்னு தெளிவா சொல்லிடுங்க, அவங்க மனசு ஆறிடும்.

இப்ப பஸ். 220ங்கிறது பாக்க மலிவாத்தான் தெரியும், ஆனா நீங்க காசு குடுக்குறது கில்கென்னில நிக்கப்போற நேரத்துக்குன்னு வெச்சு கணக்கு போட்டுப் பாருங்க. மூணு இடம் ஒரே நாள்ல போற டூர்ல கில்கென்னிக்கு கிடைக்குறது ரெண்டு மணி நேரம், அவ்ளோதான். அதாவது மணிக்கு 110 யூரோ. நான் எங்கம்மாவோட அப்படி ஒரு பஸ்ல போயிருக்கேன், கோட்டைக்குள்ள ஓவியம் மாட்டின பெரிய ஹால்ல அம்மா அப்பதான் ஒரு படத்துக்கு முன்னாடி நின்னாங்க, பஸ் கிளம்ப கால்மணி நேரம்தான் இருக்கு, கையப் புடிச்சு இழுத்துட்டு ஓடினேன், அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. கிளென்டலாக் அழகான இடம், மறுக்கல, ஆனா அத வேற ஒரு நாளைக்கு வைங்க, முட்டி வலி இருக்குறவர ஒரே நாள்ல மூணு தடவை பஸ் ஏத்தி இறக்க வேண்டாம்.

கார் எனக்கு சரியா படல. தூரம் 125 கிலோமீட்டர் மாதிரிதான், எம்9 ரோட்டுல டோல் கிடையாது, அதெல்லாம் உண்மை. ஆனா வாடகை, பெட்ரோல், பார்க்கிங் போக, 7 வயசுக்கு பூஸ்டர் சீட் கட்டாயம், 150 சென்டிமீட்டர் உயரத்துக்கு கீழ இருந்தா சட்டப்படி வேணும். அதுக்கு மேல வாடகை கம்பெனி டெபாசிட்டுன்னு கார்டுல ஒரு பெரிய தொகைய பிளாக் பண்ணி வெப்பாங்க. கார எடுக்க, விட எம்50 ரிங் ரோட்டுல டோல் இருக்குற பக்கம் போனா, அங்க கேட்டுன்னு ஒண்ணு கண்ணுலயே படாது, மறுநாள் ராத்திரி 8 மணிக்குள்ள நாமளா கட்டணும், மறந்தா அபராதம்.

ட்ரெயின்ல போங்க. உங்களுக்கு இது இன்னும் வசதி, டாலால இருந்து ரெட் லைன் லூவாஸ் ட்ராம் நேரா ஹியூஸ்டன் ஸ்டேஷன்ல இறக்கிவிடும், அங்க இருந்து வாட்டர்ஃபோர்டு போற ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரத்துல, கொஞ்சம் கூடப்போகலாம், கில்கென்னி. டிக்கெட்ட ஸ்டேஷன்ல போய் எடுக்காதீங்க, ஆன்லைன்ல முன்னாடியே எடுத்தா குறையும், வார நாள்ல போனா இன்னும் நல்லது (உங்க ஷிஃப்ட் ஆஃப் வார நாள்ல வந்தா அதையே புடிங்க). ஜூன் பேங்க் ஹாலிடேயும் ஆகஸ்ட் ஆர்ட்ஸ் ஃபெஸ்டிவலும் வேண்டாம், ஊரே நிரம்பி வழியும். ஆன்லைன்ல சீட்டோட புக் பண்ணிடுங்க. 66 வயசுக்கு மேல ஃப்ரீ பாஸ்னு யாராவது சொல்லுவாங்க, அது இங்கயே குடியிருக்குறவங்களுக்கு மட்டும்தான், அப்பாவுக்கு செல்லாது. காலைல போய் சாயங்காலம் திரும்பினா ஏழு மணி நேரம் கைல இருக்கும், டிக்கெட்டுக்கு 130 ஒதுக்கினாலும் மணிக்கு 20 யூரோகூட ஆகல.

அங்க போனதும் காசு குடுத்து பாக்க வேண்டியது ரெண்டே ரெண்டுதான். முதல்ல கோட்டை. ஸ்டேஷன்ல இருந்து ஜான் ஸ்ட்ரீட் வழியா நோர் ஆத்துப் பாலத்த தாண்டினா வந்துடும், மெதுவா நடந்தா கால்மணி நேரம். வில்லியம் மார்ஷல்ங்கிற பிரபு 13ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டினது, நாலு மூலைல நாலு கோபுரம் இருந்துச்சு, இப்ப மூணுதான் நிக்குது. 1391ல பட்லர் குடும்பம் விலைக்கு வாங்கி ஐந்நூறு வருஷத்துக்கு மேல அவங்க கைலயே இருந்தது. அப்புறம் வருமானம் குறைஞ்சு, வாரிசு வரியும் பராமரிப்பும் கழுத்த நெரிச்சு, 1935ல உள்ள இருந்த சாமானெல்லாம் ஏலம் விட்டுட்டு கிளம்பிட்டாங்க. 1967ல வெறும் 50 பவுண்டுக்கு ஊருக்கே குடுத்தாங்க. வீடு வாங்கப்போற நீங்க அந்த ஹால்ல நின்னு இத யோசிச்சுப் பாக்கணும்னு ஆசைப்படுறேன், வாங்குற விலை ஒரு தடவைதான், பராமரிப்பு வருஷா வருஷம் வரும். டிக்கெட் ஆளுக்கு பத்து யூரோவுக்குள்ள, சீனியருக்கும் குழந்தைக்கும் குறைவு, ஃபேமிலி டிக்கெட்டும் கேளுங்க. சுத்தி இருக்குற பெரிய பார்க் இலவசம், மதியம் அங்கேயே புல்லுல உக்காந்து வீட்டுல இருந்து கட்டிட்டு போன புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடுங்க, அஞ்சு பேர் வெளிய சாப்பிட்டா 80 யூரோ கண்ண மூடிட்டு போயிடும்.

ரெண்டாவது செயின்ட் கேனிஸ் கதீட்ரல், அந்த ஊருக்கு பேரே கேனிஸோட கோயில்னு அர்த்தம். பக்கத்துல நிக்குற உருண்டை கோபுரம் 30 மீட்டர் உயரம், கதீட்ரலைவிட பழசு, உள்ள ஏணி ஏணியா ஏறணும். அப்பாவுக்கு அந்த டிக்கெட் வேண்டவே வேண்டாம், கெஞ்சினாலும் எடுக்காதீங்க, சின்னப் பிள்ளைங்களையும் ஏற விடமாட்டாங்க, கதீட்ரலுக்கு மட்டும் எடுங்க.

இந்த ரெண்டுக்கும் நடுவுல போற வழிதான் மெடீவல் மைல், நடக்க காசு இல்ல. 1761ல கட்டின தோல்செல்ங்கிற கட்டடம் இருக்கு, சுங்கம் வசூல் பண்ண இடம்ங்கிறதுதான் அந்த பேருக்கு மூலம். வெண்ணெய்க் கடைக்காரங்க உக்காந்த பட்டர் ஸ்லிப்புன்னு ஒரு குறுகல் சந்து இருக்கு. 1225ல ஆரம்பிச்ச பிளாக் ஆபிங்கிற மடத்து சர்ச் இருக்கு, உண்டியல்ல இஷ்டப்பட்டத போட்டா போதும். அப்புறம் கைட்லர்ஸ் இன்ங்கிற பழைய விடுதி. ஆலிஸ் கைட்லர் வட்டித் தொழில் பண்ண பணக்காரக் குடும்பம், நாலு கல்யாணம், கடைசில முந்தின புருஷன்மாரோட பிள்ளைங்க எங்க அப்பா சொத்த மயக்கி எழுதி வாங்கிட்டான்னு சொல்லி 1324ல சூனியக்காரின்னு வழக்கு. ஆலிஸ் தப்பிச்சுட்டாங்க, வேலைக்காரப் பொண்ணு பெட்ரோனில்லாவ உயிரோட எரிச்சாங்க. ஆலிஸோட மகனுக்கு தண்டனையா கதீட்ரல் கூரைக்கு ஈயம் போடச் சொன்னாங்க, 1332ல நடுக்கோபுரம் இடிஞ்சு விழுந்துச்சு, அந்த எடை தாங்கலன்னுதான் சொல்றாங்க. அப்பாகிட்ட இந்தக் கதைய சொல்லும்போதே ஊர்ல இருக்குற டெபாசிட்டுக்கு நாமினி யாரு, உயில் இருக்கான்னும் பேசிடுங்க, வீட்டுக்குள்ள உக்காந்து கேட்டா மனசு கஷ்டப்படுற பேச்சு அங்க நடந்துகிட்டே இயல்பா வரும்.

அப்பா கார்டு விஷயம். ஆசைய தடுக்காதீங்க, ஆனா ஊர் கார்டுல வெளிநாட்டு செலவுக்கு 3.5% வரைக்கும் மார்க்கப் புடிக்குறது சாதாரணம், அந்த மார்க்கப் மேல 18% ஜிஎஸ்டி, ஆக 100 யூரோவுக்கு 4 யூரோவுக்கு மேல சும்மா போகுது. டிக்கெட்ட நீங்க இங்க இருக்குற டெபிட் கார்டுல எடுத்துட்டு அப்பா ரூபாயா ஊர்ல உங்க அக்கவுண்ட்ல போட்டா தீந்துச்சு. அப்படியும் அவர் ஒரு டீயாவது வாங்கித் தரணும்னா, மெஷின்ல யூரோவா ரூபாயான்னு கேக்கும், யூரோவ அமுக்கச் சொல்லுங்க. எங்கப்பா ரூபாய அமுக்கிட்டார், தெரிஞ்ச கணக்குல இருக்கேன்னு, அந்தக் கடைல மெஷின் போட்ட ரேட்டுல ஒரு ஸ்வெட்டருக்கு நானூறு ரூபா கூட போச்சு.

என் ஒதுக்கீடு இது: ட்ரெயின் 130, கோட்டை 40, கதீட்ரல் 30, டீ ஸ்கோன் பொண்ணுக்கு ஐஸ்க்ரீம் 50, அப்பா கால் வலிச்சா ஸ்டேஷனுக்கு டாக்ஸி 20. ஆச்சு 270. மிச்சம் 30 அம்மா கைல குடுத்துடுங்க, கோட்டைக்கு எதிர்ல பழைய குதிரை லாயத்துல இருக்குற டிசைன் சென்டர்ல அவங்களே பாத்து ஏதாவது எடுக்கட்டும். அவங்களுக்கு டிராவல் இன்ஷூரன்ஸ் இன்னும் நடப்புல இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க, அப்புறம் திரும்பி வர்ற ட்ரெயின் கடைசி ட்ரெயினா இல்லாம அதுக்கு முந்தினதா புக் பண்ணுங்க.