கலியாண அழைப்பிதழின் உறையில் கணவன் மனைவி பெயர்களை எப்படி எழுதுவது?

தங்கையின் கலியாணத்திற்கு அழைப்பிதழ் அடித்தாயிற்று, உறையில் கணவன் மனைவி பெயர்களை எந்த முறையில் எழுதுவது, மனைவி வைத்தியராக இருந்தால் யார் பெயர் முதலில் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கலியாணங்கள் மூன்றுக்கும் உறை எழுதியவள் நான். இருவர் பெயரையும் எழுதுங்கள் என்பதுதான் என் பதில்.

'திரு. திருமதி நடராசா' என்று கணவர் பெயரை மட்டும் எழுதுவது இங்கே பலருக்குக் கைப்பழக்கம். 'மிஸ்டர் அன்ட் மிஸஸ்' என்று தொடங்கிக் கணவரின் முழுப்பெயரோடு முடிப்பது ஆங்கிலேயரின் பழைய முறை. அவர்களிலேயே பலர் இன்று இரு பெயர்களையும் எழுதுகிறார்கள். நம் ஊரிலோ அந்த வீடே பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த, தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்திலேயே சீதனம் மனைவியின் சொத்தாகத் தனியே நிற்கிறது. அயலவர்களும் மனைவியின் பெயரைச் சொல்லி 'கமலா வீடு' என்றுதான் வழி சொல்வார்கள். அவருடைய படலையைத் திறந்து போய், அவருடைய விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துவிட்டு, அவர் பெயர் இல்லாத உறையை நீட்ட எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே 'திரு. க. நடராசா, திருமதி கமலா நடராசா' என்று எழுதலாம். மனைவி வைத்தியர், கணவர் ஆசிரியர் என்றால் 'வைத்திய கலாநிதி திருமதி கமலா நடராசா, திரு. க. நடராசா' என்று எழுதுங்கள். அதனால் கணவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது. 'கலாநிதி' என்று மட்டும் எழுதினால் ஆய்வுப் பட்டம் பெற்றவர் என்றாகிவிடும், கவனம். கலியாணத்திற்குப் பிறகும் தகப்பன் பெயரின் முதலெழுத்தையே வைத்திருக்கும் பெண்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரை நீங்களாக ஒட்டிவிடாதீர்கள்.

உள்ளே 'குடும்ப சகிதம்' என்று அச்சிட்டுவிட்டு உறையில் 'தம்பதியர்' என்று எழுதினால், பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்ற கேள்வி அந்த வீட்டில் எழும். 'குடும்பத்தினர்' என்று சேர்த்துவிடுங்கள். அதே வீட்டில் கலியாணம் முடித்த மகளும் மருமகனும் இருந்தால் அவர்களுக்குத் தனி அழைப்பிதழ். இதில் மிச்சம் பிடிக்கப் போய் மனத்தாங்கல் வந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

நான் இன்றும் வருந்துகிற பிழை வேறு. அண்ணாவின் கலியாணத்திற்குப் போட்ட பெயர்ப் பட்டியலைப் பார்த்தே அக்காவின் கலியாணத்திற்கும் உறைகளை எழுதினேன். இடையில் ஆறு வருடங்கள் போயிருந்தன. உரும்பிராயில் ஒரு மாமி வீட்டுக்கு அம்மாவும் நானும் கலியாணம் சொல்லப் போனோம். மாமி உறையை வாங்கிப் பார்த்தார். மாமா இறந்து இரண்டு வருடங்கள், அந்தியேட்டிக்கு நாங்களும் போயிருந்தோம். உறையிலோ 'திரு. திருமதி' என்று என் கையெழுத்து. அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தபடி, "இவர் பெயரோடு ஒரு காட் வந்து கனகாலம், பிள்ளை" என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். கணவரை இழந்தவர் திருமதியாகவே இருக்கிறார். 'திருமதி' என்று தொடங்கி அவருடைய பெயரை எழுதி, 'குடும்பத்தினர்' என்று சேர்த்தால் போதும்.

இதைவிடக் கடினமானது, கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கு எழுதுவது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அன்றிலிருந்தும் அதற்கு முன்பிருந்தும் காத்திருக்கும் பெண்கள் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். பொட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் போகும் உறையில் 'அமரர்' என்ற சொல் வரவே கூடாது. கணவர் பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்பதையும் நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. வாய்விட்டுக் கேளுங்கள். முதலில் எனக்கும் நா எழவில்லை. ஆனால் கேட்டபோது ஒருவர், "இரண்டு பேரையும் போடுங்கள்" என்றார், போட்டேன். இன்னொருவர் தன் பெயரும் பிள்ளைகளும் போதும் என்றார். கேட்டதற்காக இருவருமே மனம் நோகவில்லை.

எழுத உட்காருமுன் அம்மாவையோ பெரியம்மாவையோ பக்கத்தில் இருத்திப் பட்டியலை ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டுங்கள். யார் இல்லை, யார் பிரிந்து வாழ்கிறார்கள், யார் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அச்சகத்தில் இருபது உறைகள் கூடுதலாக வாங்கி வையுங்கள். பெயர் பிழைத்துவிட்டால் வெட்டித் திருத்தாமல் புதிய உறையில் எழுதலாம்.