டெபியன் நிறுவிய பிறகு எந்த பேக்கேஜைக் கேட்டாலும் ‘டிஸ்க்கைப் போடு’ என்கிறது, ஆப்ட் கெட்டுவிட்டதா?

உங்கள் கேள்வியின் சாரம் இது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.0 பதிப்புக்கான முதல் டிவிடியின் ஐ.எஸ்.ஓ. கோப்பை, அதாவது டிஸ்க்கின் முழு நகலை, பென்டிரைவில் எழுதி, இணையம் இல்லாத இடத்தில் மடிக்கணினியில் நிறுவியிருக்கிறீர்கள். இப்போது எந்த பேக்கேஜைக் கேட்டாலும் டிஸ்க்கைப் போட்டு என்டர் தட்டச் சொல்கிறது. மடிக்கணினியிலோ டிவிடி டிரைவே கிடையாது. ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தால் ‘ரிலீஸ்’ கோப்பு இல்லை என்று நின்றுவிடுகிறது. நடுவில் நண்பர் சொன்ன ஒரு வரியைச் சேர்த்து, கைப்பேசி இணையத்தில் ஒருமுறை அப்கிரேடு செய்திருக்கிறீர்கள். அதன் பிறகு, நிரல்களைக் கம்பைல் செய்யத் தேவையான ‘பில்ட்-எசென்ஷியல்’ மட்டும் எப்படியும் ஏற மாட்டேன் என்கிறது. மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். பேக்கேஜ்களை எடுத்துவந்து நிறுவித்தரும் கருவியான ஆப்ட் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கொடுக்கப்பட்ட முகவரிதான் பொருந்தவில்லை.

(கட்டளைகளின் பெயரை இங்கே ஒலிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில், ரூட் உரிமையோடு தட்டுங்கள்.)

எட்சி கோப்புறைக்குள் ஆப்ட் என்ற கோப்புறை, அதற்குள் ‘சோர்சஸ்.லிஸ்ட்’ என்ற கோப்பு. அதைத் திறந்தால் ‘டெப் சிடிராம்:’ என்று தொடங்கி, சதுர அடைப்புக்குள் டெபியனின் பெயர், பதிப்பு எண், புக்வார்ம் (டெபியன் 12-இன் செல்லப்பெயர்), டிவிடி பைனரி-1, தேதி எல்லாம் அடங்கிய ஒரு நீண்ட வரி இருக்கும். இணையம் இல்லாமல் டிவிடி-1இலிருந்து நிறுவினால், நிறுவி எழுதிவைக்கிற ஒரே உயிருள்ள முகவரி பெரும்பாலும் இதுதான். அதற்குக் கீழே பாதுகாப்புத் திருத்தங்களுக்கான வரி இருக்கலாம். ஆனால் தலையில் # போட்டு, சரிபார்க்க முடியாததால் நிறுவியே இதை முடக்கியது என்ற குறிப்போடு இருக்கும். அதாவது உங்கள் கணினிக்கு வெளியுலகம் என்றால் அந்த ஒரு டிஸ்க் மட்டுமே.

இந்த ஏற்பாடு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆப்ட் 1999இல் டெபியன் 2.1, அதாவது ஸ்லிங்க் பதிப்போடு வந்தது. அன்று வீட்டில் இணையம் என்றால் டயல்-அப். டெபியனை வேண்டியவர்கள் சிடிக் கட்டாக விலைக்கு வாங்கினார்கள். ஒரு பேக்கேஜ் இரண்டாம் சிடியில், அதற்குத் தேவையான இன்னொன்று முதல் சிடியில் என்று சிதறிக் கிடக்கும். எந்த சிடி எப்போது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கும் வேலையை அன்று ஆப்ட் அழகாகச் செய்தது. டிரைவே இல்லாத மடிக்கணினியிடம் இன்றும் அதே பணிவோடு ‘ப்ளீஸ்’ போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது; என்டர் தட்டத் தட்ட அதே வரி திரும்பத் திரும்ப வரும்.

இனி ‘ரிலீஸ் கோப்பு இல்லை’ என்ற பிழை. டிஸ்க்கை ஆப்டுக்கு அறிமுகம் செய்துவைக்க ‘ஆப்ட்-சிடிராம் ஆட்’ என்று ஒரு தனிக் கட்டளை இருக்கிறது. அது டிஸ்க்கை ஸ்லாஷ் மீடியா ஸ்லாஷ் சிடிராம் என்ற இடத்தில் மவுண்ட் செய்து (ஒரு கோப்புறைபோல் திறந்துவைத்து), அதில் உள்ள ‘.டிஸ்க்’ கோப்புறையிலிருந்து பெயரைப் படிக்கும். டிஸ்க்குக்கு ஓர் அடையாள எண் கணக்கிடும். பேக்கேஜ் பட்டியல்களை ஹார்டுடிஸ்க்கில் நகலெடுக்கும். அடையாள எண்ணை வார், லிப், ஆப்ட் என்று போகும் கோப்புறையில் ‘சிடிராம்ஸ்.லிஸ்ட்’ என்ற கோப்பில் குறித்துக்கொள்ளும், கடைசியாகத்தான் சோர்சஸ்.லிஸ்டில் அந்த நீண்ட வரியைச் சேர்க்கும். ‘ஆப்ட் அப்டேட்’ இந்த வேலைகளில் எதையும் செய்யாது. ஆகவே வேறொரு கணினியிலிருந்து சிடிராம் வரியை மட்டும் நகலெடுத்து ஒட்டிவிட்டு அப்டேட் கொடுப்பதில் பயனே இல்லை. பிழைச் செய்தியிலேயே ‘ஆப்ட்-சிடிராமைப் பயன்படுத்து’ என்று எழுதியிருக்கும். முதல் வரியைப் பார்த்ததுமே கலங்கிவிடுவதால் அதுவரை யாரும் படிப்பதில்லை.

டிஸ்க் அந்த மவுண்ட் இடத்தில் இருக்கிறதா, அடையாள எண் ஒத்துப்போகிறதா: ஆப்ட் பார்ப்பது இந்த இரண்டையும்தான். பென்டிரைவைச் செருகினால் டெஸ்க்டாப் அதை உங்கள் பயனர் பெயரில் வேறொரு இடத்தில் மவுண்ட் செய்கிறது. பென்டிரைவ் கண்ணெதிரே இருந்தும் ‘டிஸ்க்கைப் போடு’ என்று ஆப்ட் கேட்பது இதனால்தான். ஐ.எஸ்.ஓ.வை அப்படியே எழுதாமல், உள்ளே உள்ள கோப்புகளைப் பிரித்துப் பென்டிரைவில் போடும் வகைக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அடையாள எண்ணும் மாறிப்போகலாம்.

இந்தக் கேள்விக்கு இணையத்தில் எங்கு பார்த்தாலும் ஒரே பதில்தான்: “அந்த வரியின் முன்னால் # போடு, வேலை முடிந்தது.” இணையம் இருப்பவருக்கு அது சரி. இணையம் இல்லாத ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொன்னால், இருந்த ஒரே வழியையும் அடைத்ததுதான் மிச்சம். முதலில் எது உங்கள் நிலைமை என்று தீர்மானியுங்கள்.

இணையம் நிரந்தரமாகக் கிடைக்கும் என்றால், சிடிராம் வரியை # போட்டு முடக்குங்கள். பிறகு மூன்று வரிகள் வேண்டும்: டெப்.டெபியன்.ஆர்க் முகவரியோடு ‘புக்வார்ம்’, அதே முகவரியோடு ‘புக்வார்ம்-அப்டேட்ஸ்’, செக்யூரிட்டி.டெபியன்.ஆர்க் முகவரியோடு ‘புக்வார்ம்-செக்யூரிட்டி’. மூன்றின் கடைசியிலும் மெயின், நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற பிரிவுகள். டெபியன் 10 வரை பாதுகாப்பு வரியில் பதிப்பின் பெயருக்குப் பின் ஸ்லாஷ் போட்டு ‘அப்டேட்ஸ்’ என்று வரும், 11இலிருந்துதான் ‘-செக்யூரிட்டி’. பழைய கட்டுரையைப் பார்த்து எழுதினால் இந்த இடத்தில் பிழை வரும். உபுண்டுவில் இதே வேலையை ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ சாளரத்தில் டிவிடிக்கான டிக் குறியை எடுத்தே முடித்துவிடலாம்.

இணையம் இல்லை என்றால், என் வழி இது. டிஸ்க், பென்டிரைவ் இரண்டையும் மறந்துவிட்டு ஐ.எஸ்.ஓ. கோப்பையே ஹார்டுடிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நாலு ஜி.பி. இடம்தான் பிடிக்கும். அதை ஹோம் கோப்புறையில் வைக்காமல் எஸ்.ஆர்.வி. போன்ற பொது இடத்தில் வையுங்கள். ஆப்ட் கோப்புகளை எடுத்துவரும் வேலையை ‘_ஆப்ட்’ என்ற உரிமை குறைந்த பயனரின் பெயரில் செய்கிறது; உங்கள் ஹோமுக்குள் எட்டிப்பார்க்க அதற்கு அனுமதி இருக்காது. எம்.என்.டி.க்குள் ‘டிவிடி1’ என்று ஒரு காலிக் கோப்புறை உருவாக்கி, மவுண்ட் கட்டளைக்கு ‘லூப்’, ‘ஆர்ஓ’ என்ற இரண்டு விருப்பங்களும் கொடுத்து ஐ.எஸ்.ஓ.வை அங்கே மவுண்ட் செய்யுங்கள். இதையே எட்சி கோப்புறையில் உள்ள எஃப்ஸ்டேப் கோப்பில் ஒரு வரியாக எழுதினால் கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானாக மவுண்ட் ஆகிவிடும். அந்த வரியில் ‘நோஃபெயில்’ சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை யாராவது நகர்த்திய அன்று கணினி பாதியிலேயே நின்று ரூட் கடவுச்சொல் கேட்கும்.

பிறகு சோர்சஸ்.லிஸ்டில் சிடிராம் வரியை முடக்கிவிட்டுப் புது வரி எழுதுங்கள்: ‘டெப்’, இடைவெளி, சதுர அடைப்புக்குள் ‘ட்ரஸ்டட்=யெஸ்’, இடைவெளி, ‘ஃபைல்:’ என்று தொடங்கி மவுண்ட் செய்த இடத்தின் பாதை, இடைவெளி, ‘புக்வார்ம்’, அதன் பின் பழைய சிடிராம் வரியின் கடைசியில் இருந்த அதே பிரிவுப் பெயர்கள். இப்போது ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தால் முனகல் இல்லாமல் ஓடும்.

அந்த ‘ட்ரஸ்டட்=யெஸ்’ பலரை உறுத்தும்; உறுத்த வேண்டியதுதான். இணையக் களஞ்சியத்தில் ரிலீஸ் கோப்புக்கு டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. டிஸ்க்கில் உள்ள ரிலீஸ் கோப்பு அந்த டிஸ்க்கில் இருப்பவற்றுக்காக மட்டும் தனியே தயாரிக்கப்படுவது. அதில் கையொப்பம் இல்லை. சிடிராம் வரியாக இருந்தால், நீங்களே கையால் போட்ட டிஸ்க் என்று ஆப்ட் நம்பிவிடுகிறது. ஃபைல் வரிக்கு அந்தச் சலுகை கிடையாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே நம்பிக்கையை ஒரு படி முன்னாலேயே சோதித்துவிடுங்கள்: ஐ.எஸ்.ஓ.வைப் பதிவிறக்கிய இடத்திலேயே ‘எஸ்.எச்.ஏ.512சம்ஸ்’ கோப்பும் அதற்கான கையொப்பமும் இருக்கும். அதோடு ஒப்பிட்டுச் சரி என்றால் ‘யெஸ்’ போடுவதில் தவறில்லை. யாரோ கொடுத்த பென்டிரைவிலிருந்து நகலெடுத்த ஐ.எஸ்.ஓ.வுக்கு நான் அந்தச் சொல்லை எழுத மாட்டேன்.

ஆய்வகம் முழுக்கக் கணினிகள் இருந்து, அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால், ஒரே கணினியில் மவுண்ட் செய்தால் போதும். அந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு பைத்தான் 3-இன் ‘எச்.டி.டி.பி.சர்வர்’ மாட்யூலை இயக்குங்கள். மற்றக் கணினிகளின் வரியில் ‘ஃபைல்:’ என்று தொடங்கும் பாதை இருந்த இடத்தில் ‘எச்.டி.டி.பி:’ என்று தொடங்கி இந்தக் கணினியின் ஐ.பி. எண்ணும் 8000 என்ற போர்ட் எண்ணும் வரட்டும். இணையம் இல்லாத ஒரு பள்ளி ஆய்வகத்தில் நான் செய்துகொடுத்தது இதைத்தான். மாணவர்களுக்குக் கேட்டது கிடைக்கிறது, பென்டிரைவும் கைமாறவில்லை.

இனி பில்ட்-எசென்ஷியல். மற்றவை ஏறி இது மட்டும் ஏறாததற்குக் காரணம் அந்த ஒருமுறை அப்கிரேடுதான். ‘ஆப்ட் பாலிசி லிப்சி6’ என்று கொடுத்துப் பாருங்கள். லிப்சி6 என்பது மற்ற நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகம். டெபியன் 12.0 டிஸ்க்கில் உள்ள லிப்சி6-இன் பதிப்பு 2.36-9. 2023 அக்டோபரில் ‘லூனி ட்யூனபிள்ஸ்’ என்று பெயர் வாங்கிய பாதுகாப்புக் குறை வெளியானது; அதற்காக டெபியன் கொடுத்த திருத்தம் அதே எண்ணோடு ‘+டெப்12யு3’ என்று முடியும். அதன் பிறகும் திருத்தங்கள் வந்திருக்கின்றன. உங்கள் கணினியில் நிறுவப்பட்டதாகக் காட்டுவது இப்படிப்பட்ட புதிய எண்ணாக இருக்கும். பில்ட்-எசென்ஷியலுக்கு ‘லிப்சி6-டெவ்’ வேண்டும். அதுவோ தன் எண்ணுக்கு எழுத்துப் பிசகாமல் பொருந்தும் லிப்சி6-ஐத்தான் கேட்கும். புதியதாக இருந்தாலும் ஏற்காது. டிஸ்க்கில் இருப்பது பழைய டெவ், கணினியில் இருப்பது புதிய லிப்சி6. பழைய செருப்பும் புதுச் செருப்பும் ஜோடி சேருமா?

இதற்கு லிப்சி6-ஐப் பழைய பதிப்புக்கு இறக்கச் சொல்லும் பதில்களும் உலவுகின்றன. கணினியில் கிட்டத்தட்ட எல்லா நிரலும் நிற்பது அதன் மேல்தான், கை வைக்காதீர்கள். இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று, இன்னொருமுறை கைப்பேசி இணையத்தை இணைத்து, மேலே சொன்ன மூன்று வரிகளோடு அப்டேட் கொடுத்து, பில்ட்-எசென்ஷியலை அங்கிருந்தே நிறுவுவது. இரண்டு, புக்வார்மின் புதிய திருத்தப் பதிப்புக்கான டிவிடி-1ஐ வேறு இடத்தில் பதிவிறக்கி வந்து, பழைய ஐ.எஸ்.ஓ.வின் இடத்தில் வைத்து, அப்டேட், அப்கிரேடு செய்துவிட்டு நிறுவுவது. நிலையாக இணையம் இல்லாத இடத்துக்கு இரண்டாவதே மேல். அதன் பிறகு பாதுகாப்பு வரியை மட்டும் தனியே சேர்த்து அப்கிரேடு செய்யாதீர்கள். டிஸ்க்கும் கணினியும் மறுபடி பிரிந்துவிடும்.

டிவிடி-1இல் எல்லா பேக்கேஜும் இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். டெபியன் 12-இல் அடுத்தடுத்த டிவிடிகளை நேரடி ஐ.எஸ்.ஓ.வாகத் தருவதில்லை. ‘ஜிக்டோ’ என்ற கருவி மிரர் எனும் நகல் சர்வரிலிருந்து பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் கணினியிலேயே ஐ.எஸ்.ஓ.வாகக் கட்டித்தரும். ‘நெட்இன்ஸ்ட்’ ஐ.எஸ்.ஓ.வை இப்படி மவுண்ட் செய்து டெஸ்க்டாப் மென்பொருள் தேடாதீர்கள். அதில் அடிப்படை அமைப்பைத் தவிர அதிகம் எதுவும் கிடையாது.

உண்மையான டிவிடியே வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பாதி நிறுவலில் ‘ஹேஷ் சம் மிஸ்மேட்ச்’ அல்லது ‘இன்புட்/அவுட்புட் எரர்’ வந்தால் ஆப்டைக் குடையாதீர்கள். டிஸ்க்கை மவுண்ட் செய்து, அதன் மேல்மட்டத்தில் உள்ள ‘எம்.டி.5சம்.டிஎக்ஸ்டி’ கோப்பை ‘எம்.டி.5சம் -சி’ கட்டளைக்குக் கொடுங்கள். எந்தக் கோப்பு படிக்க முடியாமல் போயிற்று என்று அதுவே சொல்லிவிடும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ (dmesg) வெளியீட்டில், டிவிடி டிரைவைக் குறிக்கும் எஸ்.ஆர்.0 என்ற பெயரோடு பிழைகள் வரிசை கட்டியிருந்தால் டிஸ்க்கோ டிரைவோ ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

ரெட் ஹாட் லினக்ஸ் குடும்பத்தினர் இதைப் படித்தால்: 8ஆம் பதிப்பிலிருந்து டிவிடிக்குள் ‘பேஸ்ஓஎஸ்’, ‘ஆப்ஸ்ட்ரீம்’ என்று இரண்டு தனிக் களஞ்சியங்கள். ரெப்போ கோப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு எழுத வேண்டும். பாதிப் பேர் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு பேக்கேஜ் காணவில்லை என்கிறார்கள். ஓப்பன்சூசியில் ‘ஸிப்பர் எல்ஆர் -யு’ கொடுத்து, ‘சிடி:’ அல்லது ‘எச்டி:’ என்று தொடங்கும் முகவரி இருந்தால் ‘ஸிப்பர் எம்ஆர் -டி’ கட்டளையோடு அதன் எண்ணைக் கொடுத்து முடக்குங்கள். டிஸ்க் கேட்பது உடனே நின்றுவிடும்.