கிரைண்டர் வாங்கப் போகிறவர் கூகுளில் என்ன தட்டுவார்?

கடைப் பொருட்களுக்கு நம் தளத்தில் லிங்க் கொடுத்து, அதன் வழியே விற்றால் கமிஷன் வாங்குவதுதான் (அஃபிலியேட்) நம் தொழில். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: ஆட்கள் வருகிறார்கள், கமிஷன் வரவில்லை. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சமையல் குறிப்புகளோடு மிக்ஸி, கிரைண்டர் லிங்க்குகளும் போடுகிறேன். "இட்லி மாவு புளிக்க எத்தனை மணி நேரம்" என்ற பதிவுக்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். ஆனால் அதிலிருந்து ஒரு கிரைண்டர்கூட விற்கவில்லை. என்ன தவறு செய்கிறேன்? (ஈரோடு வாசகி)

பதில்: பதிவில் தவறு இல்லை, வருகிறவர் வேறு ஆள். மாவு புளிக்கவில்லையே என்று தேடுகிறவர் ஏற்கெனவே அரைத்து முடித்துவிட்டார். அவருக்கு மணிக்கணக்கு தெரிய வேண்டும், தெரிந்ததும் போய்விடுவார்.

ஒரு கீவேர்டை, அதாவது ஒருவர் கூகுளில் தட்டும் சொல்லை, பார்த்ததும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இதைத் தட்டியவர் இன்னும் எந்த முடிவை எடுக்காமல் நிற்கிறார்? "மிக்ஸி போதுமா கிரைண்டர் வேணுமா" என்பவர் வாங்குவதா வேண்டாமா என்பதிலேயே நிற்கிறார். "டேபிள் டாப் நல்லதா டில்டிங் நல்லதா" என்பவர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார், வகைதான் பாக்கி. "4 பேர் குடும்பத்துக்கு 2 லிட்டர் கிரைண்டர் எது நல்லது" என்பவருக்கு வகையும் அளவும் முடிந்துவிட்டன. இரண்டு மாடல்களின் பெயரை ஒரே வரியில் தட்டுகிறவர் பணத்தை எடுத்து வைத்தாயிற்று.

ஆந்த்ரே ப்ரோடர் என்ற கணினி அறிஞர் 2002ல் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக, ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள, ஒரு காரியத்தை முடிக்க. நம் தொழிலில் இருப்பவர்கள் பிற்பாடு கடைசி இரண்டுக்கும் நடுவே இன்னொன்றைச் சேர்த்தார்கள்: வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் தேடல். நமக்குச் சோறு போடுவது அந்த நடு வகைதான். புதிதாக வருகிறவர்கள் "ஆன்லைனில் வாங்க", "ஆஃபர்" மாதிரியான கடைசிப் படிச் சொற்களைத் துரத்துகிறார்கள். அங்கே அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் முதல் பக்கத்தை நிரப்பிவிடும். தேடுகிறவரும் நேராகக் கடைக்குப் போகத்தான் நினைக்கிறார், நம்மிடம் அவருக்கு வேலை இல்லை.

ரொம்ப முன்னாலேயே பிடித்தாலும் பயனில்லை. அமேசானில் உங்கள் லிங்க்கைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்க வேண்டும், அல்லது கூடையிலாவது போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டு வைத்தால் பொதுவாக 90 நாள் வரை உங்கள் கணக்கில் வரும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று மூடிவிட்டுப் போனவர் பிறகு தானாகவே போய் வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

மாவுப் பதிவை அழித்துவிடாதீர்கள். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகும், கல்லில் அந்த அளவுக்குச் சூடாகாது என்று எழுதும் இடத்தில், "எந்த அளவு கிரைண்டர் உங்களுக்கு" என்ற உங்கள் இன்னொரு பதிவுக்கு லிங்க் கொடுங்கள். விற்பனை அங்கே நடக்கட்டும்.

கேள்வி: எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்டு டூலை மாதம் பல ஆயிரம் ரூபாய் கட்டி வாங்க வசதியில்லை. காசில்லாமல் நல்ல சொற்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். கூகுளில் "2 லிட்டர் கிரைண்டர்" என்று தட்டி, அடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் மக்கள் நிஜமாகத் தேடியவற்றிலிருந்து வருகின்றன. உங்கள் தளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கூகுளின் சர்ச் கன்சோலை (உங்கள் தளம் எந்தத் தேடல்களில் தெரிகிறது என்று காட்டும் கருவி) திறந்து, நிறைய முறை காட்டப்பட்டும் கிளிக் குறைவாக வந்த தேடல்களைப் பாருங்கள். 16 மாதத் தரவு இலவசமாகக் கிடக்கிறது. கடைத் தளங்களில் 2, 3 நட்சத்திர விமர்சனங்களையும், பொருளின் கீழே வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகளையும் படியுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது வேறு. ஒரு தீபாவளி சமயம் பாத்திரக்கடையில் கிரைண்டர் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். லிட்டர் கணக்கில் கேட்டவர்கள் மிகக் குறைவு. "ஒரு படி அரிசி ஒரே தடவையில அரையுமா?", "சத்தம் கீழ் வீட்டுக்குக் கேக்குமா?", "அம்மாவால தூக்கிக் கழுவ முடியுமா?" என்றுதான் கேட்டார்கள். நானோ அதுவரை மோட்டார் வாட்டைப் பற்றி எழுதிக் குவித்திருந்தேன்! வீட்டுக்கு வந்து "தூக்க எளிதான கிரைண்டர்", "சத்தம் குறைந்த கிரைண்டர்" என்று தனித்தனிப் பதிவுகள் எழுதினேன். வருகை சொற்பம்தான், ஆனால் இன்றுவரை எனக்கு விற்றுக்கொடுப்பவை அவைதான்.

கேள்வி: கூகுள் கீவேர்டு பிளானரில் நான் விரும்பும் சொல்லுக்குப் போட்டி 'அதிகம்' என்று காட்டுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். கீவேர்டு பிளானர் விளம்பரம் போடுபவர்களுக்கான கருவி, அதில் காட்டும் போட்டி விளம்பரதாரர்களுக்கு இடையே நடப்பது. தேடல் முடிவுகளில் இடம் பிடிப்பது கடினமா என்பதை அது சொல்லவில்லை. விளம்பரக்காரர்கள் ஒரு கிளிக்குக்கு அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தால், அந்தச் சொல்லில் பணம் புழங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் மேல்பகுதியில் விளம்பரம் வரக் கொடுக்கும் ஏலத்தொகை என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கும், அவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இடம் பிடிக்க முடியுமா என்பதற்கு முதல் பக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். அங்கே வரும் முடிவுகள் எல்லாமே கடைகள் என்றால் விலகுங்கள். கேள்வி-பதில் தளங்களும், பொருளைத் தொட்டே பார்க்காத பட்டியல்களும் இருந்தால் தைரியமாக இறங்குங்கள்.

கேள்வி: தமிழில் எழுதினால் எல்லாச் சொல்லுக்கும் தேடல் எண்ணிக்கை பூஜ்யம் என்றே காட்டுகிறது. ஆங்கிலத்துக்கு மாறிவிடட்டுமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: டூல் பூஜ்யம் காட்டினால் தேடுபவர் யாருமே இல்லை என்று பொருளில்லை. தினமும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் இதுவரை பார்த்திராதவை என்று கூகுளே பலமுறை சொல்லியிருக்கிறது. நம் ஆட்கள் ஒரே விஷயத்தைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும், ஆங்கிலக் கேள்வியின் கடைசியில் "இன் தமிழ்" என்று சேர்த்தும் தட்டுகிறார்கள். எண்ணிக்கை இப்படிச் சிதறிப்போகிறது. மாடல் பெயரைப் பெட்டியில் இருக்கிற மாதிரியே ஆங்கில எழுத்தில் ஒரு இடத்தில் எழுதிவிடுங்கள், மற்றதெல்லாம் தமிழில் இருக்கட்டும். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: நீங்கள் காட்டும் கடை இலங்கைக்குப் பொருள் அனுப்புமா? அனுப்பாது என்றால், வாசகர் எவ்வளவு தயாராக வந்தாலும் வீண்.

கேள்வி: அமேசான் பெயரையே கீவேர்டாக வைத்து கூகுளில் விளம்பரம் போடலாமா?

பதில்: கூடாது. அவர்களுடைய அஃபிலியேட் விதிகளிலேயே தடை இருக்கிறது, கமிஷன் போய்விடும். வேறு பல நிறுவனங்களும் தங்கள் பெயரில் விளம்பரம் போட விடுவதில்லை. சேரும் முன் விதிகளைப் படித்துவிடுங்கள். "காந்திபுரம் கிரைண்டர் கடை" மாதிரி ஊர்ப்பெயர் சேர்ந்த சொற்களும் நமக்கு ஆகாது. அப்படித் தேடுகிறவர் நேரில் போய் வாங்கப்போகிறவர்.

கேள்வி: "குறைகள்", "கம்ப்ளைன்ட்", "பிரச்சினை" என்ற சொற்களுக்கு எழுதினால் விற்பனை கெட்டுவிடாதா?

பதில்: மாடல் பெயரோடு "குறைகள்" என்று தேடுகிறவர்களில் பலர் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டவர்கள். கடைசி ஒரு சந்தேகம் நெஞ்சில் உறுத்துகிறது, அதைத் தீர்த்துக்கொள்ள வருகிறார்கள். மழுப்பாமல் எழுதுங்கள். யாருக்கு அந்தப் பொருள் ஒத்துவராதோ அவருக்கு வேறு மாடலைக் காட்டுங்கள்.

இதில் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன். கமிஷன் கூடுதலாகத் தந்தார்கள் என்பதற்காக ஒரு மிக்ஸியைப் பட்டியலின் உச்சியில் வைத்தேன். ஜாரின் அடியில் கசிகிறது என்று மூன்று பேர் எழுதினார்கள். அதில் ஒருவர், என் பேச்சை நம்பித் தங்கைக்குக் கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்தவர். அன்றே அதை எடுத்துவிட்டேன். அப்புறம் நான் கையால் ஓட்டிப் பார்க்காத எதையும் முதலிடத்தில் வைத்ததில்லை.

லிங்க்கில் உங்களுக்குக் கமிஷன் உண்டு என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இப்படிப்பட்ட தொடர்பை மறைக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றன.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரி பற்றி எப்போது எழுதினால் வாங்குபவர் வருவார்?

பதில்: ஒரு சொல்லை எந்தக் காலத்தில் அதிகம் தேடினார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் தமிழ்நாட்டைத் தேர்ந்து, 5 வருட வரைபடத்தைப் போட்டு, ஏற்றம் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். நான் கோடைக்கான பதிவை ஜனவரியிலேயே ஏற்றிவிடுவேன், கூகுள் அதைக் கண்டெடுத்து மேலே கொண்டுவர நேரம் பிடிக்கும். "150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்" என்ற மாதிரி சொல்லில் தொடங்குங்கள். விலையை மட்டும் கையால் எழுதி வைக்காதீர்கள், அது நாளைக்கே மாறும். அமேசான் லிங்க் என்றால் விதிகளும் அதை அனுமதிப்பதில்லை.