நாவற்பழம் என்று சொன்னால் குற்றமில்லை: வைன் சுவைப்பது பற்றிச் சில கேள்விகள்

பாரிஸில் ஓர் உணவகத்தில் முதல் 4 வருடம் கோப்பை கழுவினேன். அதற்குப் பிறகு 12 வருடம் அதே கட்டிடத்தின் நிலவறையில் வைன் போத்தல்களோடு வேலை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து வைன் பற்றிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர் நல்ல போத்தல் ஒன்றைக் கையில் தந்துவிட்டுப் போயிருப்பார், அதை எப்படித் திறந்து எப்படிச் சுவைப்பது என்று வீட்டில் தெரியாது. இங்கே உள்ள கேள்விகளில் பாதி அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவை.

போத்தலின் பின்பக்கத்தில் பிளாக்கரண்ட், கூஸ்பெரி, வயலட் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இவற்றில் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. அப்படியானால் வைனின் மணத்தை நான் எப்படிச் சொல்வது? (கொக்குவில் வாசகி)

அந்தச் சொற்களைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். மூக்குக்கு ஏற்கனவே பழக்கமான மணத்தைத்தான் அது அடையாளம் காணும். பிளாக்கரண்ட் தின்று வளர்ந்தவருக்குப் பிளாக்கரண்ட் தெரியும், உங்களுக்கு நாவற்பழம் தெரியும். சிரா என்ற கறுப்பு முந்திரிகையில் (திராட்சையில்) செய்த இளம் வைனை முகர்ந்துவிட்டு, மழைக்குப் பிறகு மரத்தடியில் விழுந்து கிடக்கும் நாவற்பழம் போல இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அது சரியான விவரிப்பு.

நிலவறை வேலைக்கு மாறிய புதிதில் எங்கள் பொறுப்பாளர் பிரான்சின் அல்சாஸ் பகுதியின் கெவுர்ஸ்திராமினர் வைனை ஒரு கிளாஸில் ஊற்றிக் கையில் தந்து, என்ன மணக்கிறது என்று கேட்டார். கூட நின்ற பிரெஞ்சுப் பையன்கள் ரோஜா, லைச்சி என்றார்கள். லைச்சியை நான் அதுவரை கண்டதில்லை. எனக்கு வந்தது அப்போதுதான் தோலுரித்த ரம்புட்டான், அதோடு கலியாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர். தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை 13ஆம் வட்டாரத்து ஆசியக் கடையொன்றில் ரம்புட்டான் வாங்கி வந்து, பிளந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். ரோஜாவிலும் லைச்சியிலும் இருக்கும் ரோஸ் ஒக்சைட் என்ற மணப்பொருள் கெவுர்ஸ்திராமினர் முந்திரிகையிலும் இருக்கிறது. ரம்புட்டான் லைச்சியின் குடும்பத்து மரம். ஆக, ஆளுக்கொரு பழத்தின் பெயரைச் சொன்னாலும் நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் தொட்டிருந்தோம்.

இப்படி நம் அடுப்படியிலும் வளவிலும் இருந்தே நிறையச் சொற்கள் கிடைக்கும். மஸ்கட் வகை வெள்ளை வைனை முகர்ந்தால் எனக்கு மல்லி வறுக்கும் முன் கையில் எடுத்து நசுக்கிய மணம் வரும். மல்லிக்கும் மஸ்கட்டுக்கும் பொதுவான மணப்பொருள் லினலூல். சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனில் கொடித்தோடையும் கொய்யாவும் இருக்கும், அதற்குப் பின்னால் கறிமிளகாயை நெடுக வெட்டியதும் எழும் பச்சை மணம் வரும். அந்தப் பச்சை மணத்துக்குக் காரணம் பைரசின். கபர்னே சோவினியோன் முந்திரிகை சரியாகப் பழுக்காமல் பறிபட்டால் சிவப்பு வைனிலும் அது தூக்கலாகத் தெரியும். சிரா வைனில் வரும் மிளகு மணம் சும்மா ஒப்பனைக்குச் சொல்வது கிடையாது. மிளகில் இருக்கும் ரொட்டண்டோன் என்ற மணப்பொருள்தான் அங்கேயும் இருக்கிறது என்று 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த மணம் பிடிபடவே பிடிபடாது என்பதும் அதே ஆய்வில் தெரிய வந்தது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்லி உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் வெட்கப்படத் தேவையில்லை. அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்த வைனில் தேங்காய்ப்பூ மணக்கும். மரத்திலிருந்தே இறங்கும் லாக்டோன் அது. நன்றாக முதிர்ந்த, பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பில் புகையிலை வரும். புகையிலை காயப்போட்ட கொட்டிலைக் கடந்து பள்ளிக்கூடம் போன நம் ஆட்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாவற்பழம் என்று ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சொன்னால் அவருக்கு விளங்காது. அதற்கும் வழி இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியர் 1980களில் வைன் மணங்களுக்கு ஒரு சக்கரம் வரைந்தார். நடுவட்டத்தில் பழம், பூ, மரம், மண் போன்ற பொதுச் சொற்கள், வெளியே போகப் போகக் குறிப்பான பெயர்கள். நீங்களும் அப்படியே ஒரு படி உள்ளே வந்து பேசுங்கள். கறுப்புப் பழம், எனக்கு நாவற்பழம் என்று சொல்லுங்கள். முதற்பாதி அவருக்கு, மறுபாதி உங்களுக்கு.

எங்கள் தேவாலயத்து வைன் இனிப்பாக இருக்கும். மகன் லண்டனிலிருந்து கொண்டுவந்த ட்ரை சிவப்பு வைன் புளிக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. பழுதாகிவிட்டதா? (பாசையூர் வாசகர்)

பழுதாகவில்லை ஐயா. ட்ரை என்றால் சீனி ஏறக்குறைய முழுவதும் நொதித்து அல்கஹோலாகிவிட்டது என்று அர்த்தம். ஐரோப்பிய விதிப்படி பொதுவாக ஒரு லீற்றரில் 4 கிராமுக்கு மேல் சீனி மிச்சம் இருக்கக் கூடாது. இனிப்பு மூடி மறைக்காததால் அடியில் கிடந்த புளிப்பும் கயர்ப்பும் வெளியே தெரிகின்றன. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகிவிட்டால் வைன் சுவைக்கும் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

புளிப்பு உமிழ்நீரை ஊற வைக்கும். ஒரு மிடறு குடித்துவிட்டுத் தலையைச் சற்றுக் குனியுங்கள், தாடைக்கு அடியில் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று பாருங்கள். முந்திரிகையின் முதன்மையான அமிலம் டார்டாரிக் அமிலம். நம் பழப்புளியின் புளிப்பும் அதே அமிலந்தான். கரைத்த புளியை நுனிநாக்கில் வைத்து உப்பும் புளியும் பார்க்கும் எந்த அம்மாவும் வைனின் புளிப்பைச் சரியாக அளந்துவிடுவார்.

கயர்ப்பு நேர் எதிர், அது வாயைக் காய வைக்கும். தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் நம் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வழுவழுப்புப் போய்விடுகிறது. வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். மூன்று கோப்பையில் ஒரே அளவு தேயிலை போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். ஒன்றை 3 நிமிடத்திலும், அடுத்ததை 10 நிமிடத்திலும், கடைசியை 20 நிமிடத்திலும் வடியுங்கள். சீனி, பால் ஒன்றும் வேண்டாம். ஆறிய பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து பல் முரசிலும் கன்னத்தின் உட்புறத்திலும் படவிட்டுப் பாருங்கள். முதலாவது மெல்லிய பட்டுத்துணி, மூன்றாவது புதுக் கோணிச் சாக்கு. பினோ நுவார் என்ற சிவப்பு வைன் பெரும்பாலும் முதலாவதன் பக்கம் நிற்கும், இளம் கபர்னே மூன்றாவதன் பக்கம். என்னிடம் பழக வந்த பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடம் இந்த வெறுந்தேத்தண்ணிதான்.

கிளாஸைச் சுழற்றினால் ஓரத்தில் கண்ணீர் மாதிரி வழிகிறதே, அது நல்ல வைனுக்கு அடையாளமா? (சுன்னாகம்)

இல்லை. அல்கஹோல் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகிறது, அதனால் மேற்பரப்பு இழுவிசை மாறித் துளியாகத் திரண்டு இறங்குகிறது. ஜேம்ஸ் தொம்சன் என்ற பொறியியலாளர் 1855இலேயே இதை விளக்கிவிட்டார். அல்கஹோல் கூடிய வைனில் அது தூக்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

சுவைப்பவர்கள் வைனை வாயில் வைத்துச் சத்தமாக உறிஞ்சுகிறார்கள், பிறகு துப்பிவிடுகிறார்கள். அநாகரிகமாகத் தெரிகிறது. தேவையா? (ஸ்கார்பரோ)

தேவை. தடிமன் பிடித்து மூக்கடைத்தால் ரசம் சப்பென்று இருக்கும் அல்லவா? நாக்கு சொல்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு, உமாமி என்ற இறைச்சிச்சாற்றுச் சுவை மட்டும். மிச்சமெல்லாம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கில் தெரிவது. காற்றை உள்ளே இழுத்தால் மணம் அந்த வழியாக மேலே போகும். துப்புவது நிதானம் தவறாமல் இருக்க. ஒரு நாளில் 40 வைன் பார்ப்பவர் விழுங்கினால் ஆறாவதுக்கு மேல் எழுதுவது எதையும் நம்ப முடியாது. வீட்டில் சாப்பாட்டோடு குடிப்பவருக்கு இரண்டும் வேண்டாம்.

சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று வாசித்தேன். குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததற்கு நண்பர் ஏசினார். (மானிப்பாய்)

நண்பர் சொன்ன அறை பழைய ஐரோப்பியக் கல்வீட்டு அறை. அங்கே 16 முதல் 18 பாகை செல்சியஸ். நம் விறாந்தையில் பகலில் 30 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் அல்கஹோல் மூக்கில் ஏறி எரிக்கும், பழ மணம் அமுங்கிப் போகும். சிவப்பை ஒரு மணித்தியாலமாவது குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெள்ளையை இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்து, 8 முதல் 12 பாகைக்குள் பரிமாறுங்கள். மிகவும் குளிர்ந்துவிட்டால் மணம் வராது, கிளாஸைக் கைக்குள் பொத்திச் சூடேற்றலாம்.

சேமிப்பு இன்னும் முக்கியம். சென்ற வருடம் ஒரு கடையில் கண்ணாடி அலுமாரியில் நிமிர்த்தி வைத்திருந்த பிரான்சின் பர்கண்டி பகுதி நல்ல வெள்ளை வைன் ஒன்றை ஆசையோடு வாங்கினேன். பின்னேர வெயில் நேரே அதில் விழுவதை அப்போது கவனிக்கவில்லை. வீட்டில் திறந்தால் நிறம் தேன் நிறம், மணம் வதக்கி வைத்த அப்பிள். எத்தனையோ பேரின் ஒரு வருட உழைப்பு அந்தப் போத்தலுக்குள் அவிந்து கிடந்ததைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வெயில் படும் அலுமாரியில் உள்ள வைனை வாங்காதீர்கள். நனைந்த காட்போட் பெட்டி மணம் வந்தால் தக்கையில் உண்டாகும் டிசிஏ என்ற பொருளின் வேலை, வினாகிரி மணம் தூக்கினால் பக்டீரியா. முதலாவதற்குப் பரிகாரம் இல்லை. இரண்டாவதைச் சமையலுக்குக்கூட எடுக்காதீர்கள்.

நிபுணர்கள் சொல்வதெல்லாம் கற்பனை என்று ஒரு காணொளி பார்த்தேன். வெள்ளை வைனுக்குச் சாயம் போட்டு ஏமாற்றினார்களாமே? (பருத்தித்துறை)

அந்தப் பரிசோதனை உண்மை. போர்தோவில் வைன் கலை படித்த 54 மாணவர்களுக்கு மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைனைக் கொடுத்தபோது, சிவப்பு வைனுக்குச் சொல்லும் பழங்களின் பெயர்களையே அவர்கள் எழுதினார்கள். 2001இல் அது வெளியானது. அதிலிருந்து எல்லாம் பொய் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். கண் மூக்கை இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் அதிலிருந்து தெரிவது. அங்கே அவர்களிடம் கேட்டது மணத்தைப் பற்றி மட்டுந்தான். கயர்ப்பைப் பற்றியும் கேட்டிருந்தால் அது இல்லாதது காட்டிக்கொடுத்திருக்கக்கூடும். இதனால்தான் மணத்தை எழுதிய பிறகு புளிப்பு, கயர்ப்பு, சீனி, அல்கஹோலின் சூடு ஆகியவற்றை நாக்கால் சரிபார்க்கச் சொல்கிறேன். பெயர் தெரியாமல் சுவைப்பதும் நல்ல பழக்கம். 1976 மே 24ஆம் திகதி பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்த போத்தல்களைச் சுவைத்து, சிவப்பிலும் வெள்ளையிலும் கலிபோர்னியாவுக்கே முதலிடம் கொடுத்தார்கள். பெயர் தெரிந்திருந்தால் அப்படி நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போத்தலுக்கு ஒரு பழைய காலுறையை மாட்டிவிட்டுச் சுவையுங்கள், போதும்.

எங்கள் பந்தல் முந்திரிகையில் நல்ல வைன் வராதா? (உரும்பிராய் தோட்டக்காரர்)

நம் பந்தல்களில் பெரும்பாலும் இஸ்ரேல் புளூ, சாப்பிடும் பழம். வைன் முந்திரிகை அதைவிடச் சிறியது, தோல் தடிப்பு, விதை கூட. மணமும் நிறமும் கயர்ப்பும் தோலில் இருப்பதால் சின்னப் பழத்துக்கே பலன் அதிகம். 1 சதவீத அல்கஹோலுக்கு லீற்றருக்கு 17 கிராம் அளவு சீனி வேண்டும். 12 சதவீதத்துக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டும், சாப்பிடும் பழம் அந்த இனிப்பை எட்டுவது கஷ்டம். குளிர்காலத்து உறக்கமும் நம் கொடிக்கு இல்லை, கொப்பு வெட்டித்தான் துளிர்க்க வைக்கிறோம். இருந்தாலும் தோலகட்டி ஆச்சிரமத்து வைனை அறியாதவர் இந்தக் குடாநாட்டில் குறைவு. அதைப் போர்தோவோடு ஒப்பிடாமல் அதற்கே உரிய சொற்களால் விவரித்துப் பாருங்கள், நல்ல பயிற்சி. வீட்டில் செய்து பார்க்கும் எண்ணம் இருந்தால், உரிமம் இல்லாமல் மதுபானம் செய்வது குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள்.

நண்டுக் கறிக்கு எந்த வைன்? (குருநகர்)

நம் தூள் போட்ட நண்டுக் கறிக்குக் கனமான சிவப்பு வேண்டாம். அல்கஹோல் உறைப்பை இன்னும் எரியப் பண்ணும், டானின் அதைக் கரகரப்பாக்கும். ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங், போத்தலில் கபினெட் என்று போட்டது கிடைத்தால் அதை எடுங்கள். அல்கஹோல் 8 முதல் 10 சதவீதந்தான், கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு. இனிப்பு உறைப்பை ஆற்றும், புளிப்பு தேங்காய்ப்பாலின் கொழுப்பை வெட்டும். நன்றாகக் குளிரவைத்து, நண்டுக்காலை உடைத்துச் சதையைச் சாப்பிட்ட பிறகு ஒரு மிடறு குடியுங்கள். கிடைக்காவிட்டால் ரோஸே என்ற இளஞ்சிவப்பு வைன் பரவாயில்லை. ஒடியல் கூழுக்கு மட்டும் இதுவரை எந்த வைனும் எனக்குப் பொருந்தி வரவில்லை. அதைப் பிளாவில் ஊற்றிச் சுடச்சுடக் குடித்துவிட்டு, வைனை அடுத்த நாளைக்கு வைத்துவிடுங்கள்.