பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பிள்ளை எங்கே?

பள்ளியிலிருந்து பாதியில் நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

எங்கள் பள்ளியின் சராசரி வருகை 92 சதவீதம். ஆனாலும் ஆண்டு முடிவதற்குள் சில பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?
– ஒரு தலைமை ஆசிரியர்

சராசரியைப் பார்ப்பதால்தான் தெரியாமல் போகிறது. 300 பேர் படிக்கும் பள்ளியில் 92 சதவீதம் என்றால் தினமும் 24 பேர் வரவில்லை. அந்த 24 பேர் நாளுக்கு நாள் மாறுகிறார்களா, அதே பிள்ளைகள்தானா? பதிவேட்டை நாள்வாரியாகக் கூட்டினால் இது தெரியாது, பெயர்வாரியாகக் கூட்டுங்கள். வேலைநாட்களில் பத்தில் ஒரு பங்கைத் தவறவிட்ட பிள்ளையை உடனே கவனிக்க வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவுகோல். 200 வேலைநாள் உள்ள ஆண்டில் அது 20 நாள். 20 நாள் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: 20 வேலைநாள் கொண்ட முதல் மாதத்திலேயே 2 நாள் வராத பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருகையோடு பாடத்தில் தேர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிகாகோ நகரப் பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்றில், ஒன்பதாம் வகுப்பில் போதிய பாடங்களில் தேறி, முக்கியப் பாடங்களில் பின்தங்காமல் இருந்த மாணவர்கள், அப்படி இல்லாதவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமாக உரிய காலத்தில் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். பெரிய பள்ளிக்கு மாறும் முதல் ஆண்டில் உங்கள் கண் கூடுதலாக இருக்கட்டும்.

பெயர் கிடைத்த பிறகு என்ன செய்வது? முதல் பீரியட் முடிந்ததும், வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே போன் போக வேண்டும். மூன்றாம் நாளும் வரவில்லை என்றால் ஒருவர் நேரில் போக வேண்டும். "ஏன் அனுப்பலை?" என்று கேட்டால் பெற்றோர் காரணத்தை மறைப்பார்கள். "பிள்ளையைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று தொடங்குங்கள். கிடைத்த காரணத்தை எழுதி வையுங்கள்: நோய், வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, பாடம் புரியாதது, அடி அல்லது கேலிக்குப் பயம். வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் அடிக்குப் பயந்த பிள்ளைக்கும் ஒரே அறிவுரை உதவாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஒருவருக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் கொடுத்தால் அது வெறும் பட்டியலாகிவிடும்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வருகை குறைந்தால் ஆசிரியரைத் திட்டும் பள்ளியில், வராத பிள்ளைக்கும் 'வருகை' என்று பதிவாகிவிடும். குறைவாகக் காட்டியவரைக் கேள்வி கேட்காதீர்கள். குறைந்த பிறகு என்ன செய்தார் என்று கேளுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியை வாசிக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே வகுப்பில் இன்னொரு ஆண்டு நிறுத்தினால் தேறுவார்களா?
– ஒரு வகுப்பு ஆசிரியர்

நிறுத்தி வைப்பது தண்டனையாகத்தான் முடியும். புரியாத அதே பாடத்தை அதே முறையில் இரண்டாம் தடவை கேட்பதால் வாசிப்பு வந்துவிடாது. தன்னைவிடச் சிறியவர்களோடு உட்காரும் பிள்ளை, பள்ளியை முடிக்கும் முன்பே வேலைக்குப் போகும் வயதையும் எட்டிவிடுகிறது.

அதற்குப் பதிலாக, பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கித் தனியாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்: எழுத்து, சொல், சிறு பத்தி, கதை. எந்தப் படியில் தடுமாறுகிறதோ அந்தப் படியில் உள்ளவர்களை, வகுப்பு வித்தியாசம் பார்க்காமல் ஒரு குழுவாக்கித் தினமும் ஒரு மணி நேரம் நடத்துங்கள். இந்தியாவில் 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்த முறை இது. சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் குழுவை மாற்றுங்கள், இல்லையென்றால் 'மக்குக் குழு' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரம் கால அட்டவணையில் தனியாக இருக்க வேண்டும். வழக்கமான பீரியடுக்குள் திணித்தால், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் அதை விழுங்கிவிடும். முதல் படியிலேயே தடுமாறும் குழுவை உங்கள் மிகச் சிறந்த ஆசிரியரிடம் கொடுங்கள். பல பள்ளிகளில் இது தலைகீழாக நடப்பதுதான் வேதனை.

கட்டணமே இல்லாத பள்ளியிலிருந்தும் ஏன் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்? உதவித்தொகை பலன் தருமா?
– ஒரு தன்னார்வலர்

கட்டணம் இல்லை, செலவு இருக்கிறது: போக்குவரத்து, சீருடை, நோட்டு. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலி. அந்தக் கூலி வயதோடு ஏறும். மெக்சிகோ 1997இல் தொடங்கிய 'ப்ரோக்ரெசா' என்ற உதவித்தொகைத் திட்டம் இதைப் புரிந்துகொண்டது. மேல் வகுப்புக்குப் போகப் போகத் தொகை கூடியது. இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். 85 சதவீத வருகை நிபந்தனை.

தொகையைப் போலவே அது கைக்கு வரும் நாளும் முக்கியம். கொலம்பியாவின் பொகோட்டாவில் மாதத் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, அடுத்த ஆண்டுச் சேர்க்கை நேரத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி சேர்ந்தவர்கள் அதிகரித்தார்கள். சேர்க்கை முடிந்து மூன்று மாதம் கழித்து வரும் பணம், ஏற்கெனவே நின்றுவிட்ட பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவராது.

பள்ளி தூரமாக இருந்தால் பணத்தைவிட வண்டி உதவும். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வழங்கத் தொடங்கிய பிறகு, உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது கணிசமாக உயர்ந்தது. பள்ளியிலிருந்து தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

பெற்றோர் பருவ வேலைக்கு ஊர் மாறும்போது பிள்ளைகளும் போய்விடுகிறார்கள். இவர்களை எப்படித் தக்கவைப்பது?
– ஓர் ஆசிரியை

போகும் மாதம் பெரும்பாலும் முன்பே தெரியும். கிளம்புவதற்குமுன் ஒரு அட்டையில் வகுப்பு, வாசிப்புப் படி, கணக்கில் முடித்த பகுதி, உங்கள் பள்ளியின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள். பெயரை உடனே நீக்காதீர்கள். சேரும் இடத்துப் பள்ளி, மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பாமல் வந்த நாளிலேயே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். சான்றிதழை அந்தப் பள்ளியே பழைய பள்ளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பாட்டி வீட்டிலோ விடுதியிலோ தங்க வழியிருந்தால், அந்த ஏற்பாட்டைக் குடும்பம் மூட்டை கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.